கண்மாயைக் கணினியில் ஏற்றும் முன்

புதுக்கோட்டைப் பக்கம் எந்த ஊர் டீக்கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கண்மாய் ஏன் நிரம்புவதில்லை? "மேட்டுல தைலமரத்தப் போட்டுட்டாங்க, அது ஒரு சொட்டு விடாது" என்பார் ஒருவர். "வரத்துவாரி தூந்து போச்சு, மழையும் முன்ன மாதிரி இல்ல" என்பார் பக்கத்தில் இருப்பவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் எது எவ்வளவு? மரத்தை எடுத்தால் கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் கூடுதலாக நிற்கும்? வாரியைத் தூர்வாரினால் எத்தனை நாள்? இந்த 'எத்தனை'க்கு விடை தேடத்தான் சூழலியல் மாதிரி மென்பொருள்கள் இருக்கின்றன.

இவற்றைக் கற்றுத்தரும் மூன்று நாள், ஐந்து நாள் பயிலரங்குகளைப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் நடத்துகின்றன. மாணவர், ஆசிரியர், தொண்டு நிறுவன ஊழியர் என்று பலரும் போகிறார்கள். திரும்பி வந்தபின் அந்த மென்பொருளை மறுபடி திறக்காதவர்களே அதிகம் என்பது என் அனுபவம். அவர்களுக்குத் திறமை இல்லை என்பதல்ல. பொத்தான்களைக் கற்றுக்கொள்ளப் போனார்கள். கேள்வி எதையும் கையில் கொண்டுபோகவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் மென்பொருளைப் பற்றிக் குறைவாகவும், போவதற்கு முந்தைய இரண்டு வாரங்களைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

மாதிரி என்பது பெரிய மர்மமில்லை. வரவு, செலவு, இருப்பு என்ற கடைக்கணக்குதான். புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய், குளம், ஏந்தல்கள் இருக்கின்றன. கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர் பரவும் பரப்பு 10 ஹெக்டேர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். நிரம்பினால் 1,50,000 கனமீட்டர் கொள்ளும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், 500 கனமீட்டர் வெயிலுக்குப் போகிறது. பரப்பு சுருங்காமல் இருந்தால் நூறு நாளில் 50,000 கனமீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. மடை திறக்காமலே இவ்வளவு.

இனி வரவு. நீர்ப்பிடிப்பு 200 ஹெக்டேர் என்போம். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த நிலத்தில் விழுவது 1,00,000 கனமீட்டர். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஓடி வந்தால் கண்மாய்க்கு 15,000; பத்துப் பங்குதான் வந்தால் 10,000. பதினைந்து பத்தாகக் குறைந்தது மரத்தாலா, மரத்துக்காக வெட்டிய வரப்பாலா, தூர்ந்த வாரியாலா என்பதுதான் டீக்கடைச் சண்டை. இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்குப் பயிலரங்கின் முதல் நாள் பாதி புரிந்துவிடும். கணினி செய்வதெல்லாம் இதையே ஒவ்வொரு நாளுக்கும், பத்து இருபது ஆண்டுக்கும் சலிக்காமல் போடுவதுதான்.

தைலமரத்தைப் பற்றிய கேள்விக்கு அண்டை மாநிலத்தில் ஒரு முன்கதை இருக்கிறது. ஆர்.எஸ்.பதி என்று நம் ஊர்களில் சொல்லும் இதே மரம் கர்நாடகத்திலும் பெரிய வழக்காக இருந்தது. பிரிட்டன் நீரியலாளர் இயன் கால்டரும் கர்நாடக வனத்துறையினரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அளந்து, 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் இரண்டு இடங்களில், தைலமரத் தோப்பும் இயல்பான காடும் மழை அளவுக்கு ஏறத்தாழ ஒத்த தண்ணீரையே குடித்தன. வியப்பு ஹொசகோட்டே என்ற இடத்தில். விளைநிலத்தில் நட்ட தைலமரங்கள், வறண்ட மூன்று ஆண்டுகளில் பெய்த 2,100 மில்லிமீட்டருக்கு எதிராக 3,400 மில்லிமீட்டர் வரை செலவழித்ததாக அவர்களது மாதிரி காட்டியது. வரவை மிஞ்சிய செலவு எங்கிருந்து வந்தது? மரம் வளர வளர வேர் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் கீழே இறங்கி, மண்ணில் அதுவரை யாரும் தொடாமல் கிடந்த ஈரத்தை எடுத்தது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதைப் படித்ததும் 3,400-ஐ அப்படியே புதுக்கோட்டைக் கணக்கில் போடத் தோன்றும். போடக்கூடாது. அங்கே புதிதாக நட்ட மரம், ஆழமான மண். இங்கே பல இடங்களில் வெட்டி, மறுதாம்பு விட்டு, மறுபடி வெட்டிய மரம், அடியில் செம்புறாங்கல். சேமிப்பில் இருந்த ஈரம் முதல் சுற்றிலேயே தீர்ந்திருக்கலாம். ஆகவே பயிலரங்குக்குப் போகும் முன் கேட்டு வைக்க வேண்டியது மண் எவ்வளவு ஆழம், மரம் எத்தனையாவது வெட்டு என்பதை. கிணறு வெட்டியவரைக் கேட்டால் முதலாவது தெரியும்.

கேள்வி தெளிவானபின், அறிவிப்பில் போட்டிருக்கும் மென்பொருள் அந்தக் கேள்விக்கு உதவுமா என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றல்ல. ஸ்டெல்லா, வென்சிம் போன்றவை தொட்டி, குழாய் என்று படம் வரைந்து இருப்புக் கணக்குப் போடுபவை; கண்மாய்க்குப் பொருத்தமானவை. நெட்லோகோ வேறு வகை. 1999-இல் யூரி விலென்ஸ்கி உருவாக்கிய இந்த இலவச மென்பொருளில் ஒவ்வோர் ஆடும் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் திரையில் தெரியும். அதோடு வரும் ஓநாய்-செம்மறி மாதிரியைப் போவதற்கு முன்பே ஓட்டிப் பாருங்கள். புல்லைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஏதாவது ஓர் இனம் அழிந்துவிடும். புல்லும் தின்னத் தின்னக் குறைந்து வளரும் என்று சேர்த்தால் பெரும்பாலும் மூன்றும் ஏறி இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஓநாய் நமக்கு எதற்கு என்று தோன்றினால், அதே அச்சில் வெள்ளாட்டையும் சீமைக்கருவேலத்தையும் போட்டு நினைத்துப் பாருங்கள். ஆடு நெற்றைத் தின்கிறது, விதை புழுக்கையோடு கண்மாய் உள்வாயில் விழுகிறது, அடுத்த மழைக்கு முளைக்கிறது. இது யார் எங்கே நடந்தார்கள் என்ற கதை; தொட்டி-குழாய்ப் படத்தில் சொல்வது கடினம்.

ஈகோபாத் பெரும்பாலும் கடலுக்கானது. எது எதைத் தின்கிறது என்ற வலையை எடைக்கணக்கில் எழுதுவது. ஹவாய்ப் பக்கத்துப் பவளத்திட்டு ஒன்றுக்காக 1980-களில் தொடங்கியது. மணமேல்குடிக் கரையில் நின்று யோசிப்பவருக்கு இது ஆசை காட்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. ஆவுளியா எனும் கடற்பசு, கடற்புல், மீன், வலை என்று நான்கு பேரைச் சேர்த்து எழுத வேண்டிய கணக்கு அது. மேக்ஸ்என்ட் மட்டும் வேறு ஜாதி: ஓர் உயிரினம் எங்கே வாழக்கூடும் என்று வரைபடம் தரும், காலத்தில் என்ன நடக்கும் என்று சொல்லாது. அறிவிப்பில் எல்லாவற்றையும் 'மாடலிங்' என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகிறார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதிக நேரம் கேட்பது தரவு. மழைக் கணக்கை வாங்கியதும் முதலில் தேட வேண்டியது வெறுமையான கட்டங்களை. மழை இல்லாத நாளும், பதிவு செய்யாமல் விட்ட நாளும் ஒன்றல்ல. இரண்டையும் பூஜ்யம் என்று நிரப்பினால் ஐப்பசியில் வறட்சி வந்துவிடும். அடுத்தது அலகு. பழைய கண்மாய்ப் பதிவுகள் மில்லியன் கன அடியில் இருக்கும். ஒரு மில்லியன் கன அடி 28,317 கனமீட்டர். நம் கற்பனைக் கண்மாய் அந்தக் கணக்கில் 5.3. நிலம் ஏக்கரில், மழை மில்லிமீட்டரில், மென்பொருள் ஹெக்டேரில் என்று மூன்றும் கலந்தால் விடை இரண்டரை மடங்கு பிசகும். பிசகியது தெரியவே தெரியாது, அதுதான் ஆபத்து.

நாள் கணக்கா, மாதக் கணக்கா என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கார்த்திகையில் மூன்று நாளில் 200 மில்லிமீட்டர் கொட்டினால், ஊறிய தரையிலிருந்து நூற்றுக்கு நாற்பது ஓடி வந்தால், 1,60,000 கனமீட்டர். நம் கண்மாயின் கொள்ளளவை விட அதிகம், கலிங்கு போகும். மாதக் கணக்கில் போட்டால், அந்த மாதம் முழுவதற்குமான ஆவியாதலையும் மடைத் தண்ணீரையும் கழித்த பிறகே நிரம்பியதா என்று பார்க்கும். வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போன தண்ணீர் ஏட்டிலேயே ஏறாது. சங்கிலியாகக் கிடக்கும் நம் கண்மாய்களில் இது சின்னப் பிழையல்ல. கீழ் ஊருக்கு வந்த வரத்தையே இல்லை என்று சொல்லிவிடும்.

கைவசம் உள்ள ஆண்டுகளையும் இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஒரு பகுதியை வைத்து மாதிரியைச் சரிசெய்ய வேண்டும். இன்னொன்றை அது பார்க்காமல் ஒளித்து வைத்து, பிறகு சோதிக்க வேண்டும். 2015-இல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. 2016-இல் தமிழகத்துக்கு வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. முதல் ஆண்டில் பழகிய மாதிரி இரண்டாம் ஆண்டிலும் தாக்குப்பிடித்தால் ஓரளவு நம்பலாம். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-க்கு முன்னும் பின்னும் நிலத்தின் மரப்போர்வையே வேறு. அந்த ஆண்டைத் தாண்டிப் போகும்போது ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி விஷயம் சுருக்கமாக. மென்பொருளை வீட்டிலேயே நிறுவி, ஒருமுறை திறந்து பாருங்கள். நான் போன ஒரு பயிலரங்கில் முப்பது பேர் ஒரே இணைப்பில் தரவிறக்கியதில் மத்தியானச் சாப்பாடு வரை யாருக்கும் திரை வரவில்லை. கல்லூரிக் கணினியை எடுத்துப் போகிறவர்கள் நிறுவுவதற்கான கடவுச்சொல்லை முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோப்புக்கும் கோப்புறைக்கும் தமிழ்ப் பெயரோ இடைவெளியோ வேண்டாம். சில மென்பொருள்கள் காரணம் சொல்லாமல் நின்றுவிடும். தேதிப் பத்தியில் நாள் முன்னா, மாதம் முன்னா என்று பாருங்கள். டிசம்பர் மழை விழுந்து ஜூனில் கண்மாய் நிரம்பினால் பிழை அங்கேதான்.

கடைசியாக ஒரு நடை. கண்மாய்க் கரைக்குப் போய், மடை திறக்கும் நீர்பாய்ச்சியோடு அரைமணி உட்காருங்கள். எந்த வாரி முதலில் வரும், குமிழி இன்னும் வேலை செய்கிறதா, எந்த மடை எத்தனை நாள் திறந்திருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் படமாக வரையுங்கள். கலிங்கு கடைசியாக எப்போது போனது என்றும் கேளுங்கள். ஆண்டைச் சொல்ல மாட்டார். "எங்க மக கல்யாணம் முடிஞ்ச ஐப்பசி" என்பார். பரவாயில்லை, கல்யாணப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி அதில் அச்சாகியிருக்கும்.