ஒரே கல், இரண்டு பஸ், இரண்டு சட்டம்

சில வருடங்களுக்கு முன் ஓர் உம்மா என்னைத் தேடி வந்தார். ஹர்த்தாலன்று இ.போ.ச. பஸ்ஸுக்குக் கல்லெறிந்ததாக அவரது மகனைப் பொலிஸார் கைது செய்திருந்தனர். உயர்தரப் பரீட்சைக்கு ஏழு வாரங்களே இருந்தன. "கண்ணாடிட காச கட்டினா உட்டுருவாங்கதானே சேர்?" என்று கேட்டார்.

நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

அது தனியார் பஸ்ஸாக இருந்திருந்தால் அந்த உம்மா நினைத்தது ஓரளவு சரி. வேண்டுமென்று பிறர் சொத்தைச் சேதப்படுத்தி, நட்டம் 50 ரூபா அல்லது அதற்கு மேல் என்றால், தண்டனைச் சட்டக்கோவையின்படி இரண்டு வருடம் வரை சிறை. (1883ஆம் ஆண்டுச் சட்டம், அதனால்தான் இந்த 50 ரூபா.) வழமையாகப் பிணை கிடைக்கும். நட்டத்தைக் கொடுத்து இணக்கத்துக்கு வரவும் வழியுண்டு. தீ வைத்தால் தண்டனை பல மடங்கு.

இ.போ.ச. பஸ் பொதுச் சொத்து. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே கொண்டுவரப்பட்டது. அரச திணைக்களம், கூட்டுத்தாபனம் மட்டுமல்ல, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் சொத்தும் இதற்குள் வரும். குற்றவாளியாகக் கண்டால் குறைந்தது ஒரு வருடம், கூடியது இருபது வருடம் சிறை. அதோடு 1,000 ரூபா அல்லது சேதப் பெறுமதியின் மூன்று மடங்கு, எது கூடவோ அது தண்டப்பணம்.

தீர்ப்புக்கு முன்பே வருவதுதான் பெரிய அடி. சேதம் 25,000 ரூபாவுக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் சான்றளித்தால், வழக்கு முடியும்வரை விளக்கமறியல். விசேட காரணம் இருந்தால் மாத்திரமே, அதை எழுத்தில் பதிந்து, நீதவான் பிணை வழங்கலாம். பரீட்சை இருக்கிறது என்பதை எல்லா நீதிமன்றமும் விசேட காரணமாக ஏற்பதில்லை. 25,000 ரூபா ஒரு காலத்தில் பெரிய தொகை. இன்று பஸ்ஸின் முன்கண்ணாடி ஒன்றே அதைத் தாண்டிவிடும். தொகையை யாராவது திருத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். திருத்தும்வரை சட்டம் இதுதான்.

"நான் எறியல்ல, சும்மா நின்டேன்" என்பான் மகன். சட்டவிரோதக் கூட்டமொன்றின் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு, அதன் ஏனைய உறுப்பினர்களும் பொறுப்பு என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவு. வெறுமனே வேடிக்கை பார்த்தவர் உறுப்பினராகிவிட மாட்டார். ஆனால் அதை நீதிமன்றில் காட்ட வேண்டிய நிலை வந்துவிடும்.

எனவே அந்த உம்மாவிடம் டிப்போவுக்குக் காசு கொண்டு போகச் சொல்லவில்லை. சந்தியிலுள்ள கடைகளின் கெமராப் பதிவுகளை அன்றே கேட்டு வாங்கச் சொன்னேன். சில நாட்களில் அவை தாமாக அழிந்துவிடும்.