மழை இல்லாத நாளில் ஒழுகிய கூரை

போன மார்கழியில் ஒரு விடிகாலை சித்தப்பா என் அறைக் கதவைத் தட்டினார். "டேய், தறி மேல தண்ணி சொட்டுதுடா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பாவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரம். பாதி நெய்த கோர்வைப் புடவை. இரண்டு பேரின் பல நாள் உழைப்பு. பட்டில் தண்ணீர்க் கறை விழுந்தால் போச்சு. "கூரை ஒழுகுது" என்றார். வெளியே மழையே இல்லை. பனிதான்.

இருந்தாலும் ஆள் வைத்துத் தகரக் கூரையின் ஆணித் துளைகளை எல்லாம் அடைத்தோம். நாலே நாளில் மறுபடி சொட்டியது. அப்புறம்தான் மென்பொருள்காரன் புத்தி வேலை செய்தது: லாக் எழுது. 12 நாள் குறித்தேன். மழை பெய்த 2 நாளும் சொட்டவில்லை. சொட்டியதெல்லாம் வானம் தெளிந்த விடிகாலைகளில், யாராவது வெந்நீரில் குளித்து முடித்த அரை மணிக்குள்.

எங்கள் பிள்ளையார்பாளையம் வீடு குறுகல், நீளம், இரண்டு பக்கமும் பொதுச் சுவர். குளியலறை நடுவில் இருப்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து வளையும் அலுமினியக் குழாய் ஒன்றைத் தறிக்கூடத்துக் கூரையை ஒட்டிப் பின்கட்டு வரை 5 மீட்டர் இழுத்திருந்தேன். மாட்டியது நானேதான்.

நடந்தது இதுதான். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மீதி 13 கிராம் தண்ணீராகிவிடும். ஒரு குளியலுக்கு 20 கன மீட்டர் காற்று போகிறது என்று வைத்தால், உச்சக் கணக்காக 260 கிராம், ஒரு டம்ளருக்கு மேல். தெளிந்த இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை இழந்து காற்றை விடவும் குளிர்ந்துவிடும். மேகம் மூடிய மழை நாளில் அவ்வளவு குளிராது. குழாய் நடுவில் தொய்ந்திருந்தது. தண்ணீர் அங்கே தேங்கி, இணைப்பு வழியாகத் தறி மேல் இறங்கியது.

சித்தப்பாவிடம் சொன்னேன். "ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு வேர்க்குமே, அதுதானே?" என்றார். அதேதான். இங்கே வேர்வை சொம்புக்கு உள்ளே.

சரி செய்தது இப்படி:

1. வளையும் குழாயை எடுத்துவிட்டு நேரான 4 அங்குல பிவிசி குழாய். மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் பின்கட்டுப் பக்கம் சரிவு. குழாயின் அகன்ற வாய் ஃபேன் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் இணைப்பில் கசியும்.

2. ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்டை முழு நீளமும் இடைவெளி இல்லாமல் சுற்றினேன். தகரத்தைத் தொடாமல் ஒரு சாண் கீழே இறக்கினேன்.

3. குளியலறைக் கதவுக்கு அடியில் ஓர் அங்குல இடைவெளி. காற்று உள்ளே வராமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

4. குளித்த பிறகும் ஃபேன் 15 நிமிடம் ஓடும். குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை வறண்ட காற்று தள்ளிக்கொண்டு போகட்டும்.

ரப்பர் சுற்றினால் நீர் கோர்ப்பது குறையும், அடியோடு நிற்காது. மிஞ்சுவது வெளியே வழியத்தான் சரிவு. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் சரிவை முதலில் செய்யுங்கள்.

தை முழுக்கத் தறிக்கடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். ஒரு சொட்டும் இல்லை. பின்கட்டில் குழாய் வாய்க்குக் கீழே மட்டும் தினமும் தரை நனைந்திருந்தது. உங்கள் வீட்டிலும் மழை இல்லாமல் ஒழுகினால், கொத்தனாரைக் கூப்பிடும் முன் ஒரு வாரம் நேரத்தைக் குறித்துப் பாருங்கள்.