பாம்பின் நஞ்சும் பரியின் குருதியும்

செஞ்சி வட்டத்து வல்லத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மணிலாக் கொல்லையில் களை பறிப்போரும், இரவில் நெல்லுக்கு நீர் பாய்ச்சுவோரும் பாம்புக்கு அஞ்சியே வாழும் ஊர் எங்களூர். கடிபட்டவர்க்கு மருத்துவமனையில் ஏற்றும் மருந்து எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை விலங்கியல் மாணவன் என்ற முறையில் இங்கு விளக்க விழைகிறேன்.

நஞ்சு ஒரே பொருளன்று. பல புரதங்களின் கலவையாகும். நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு நரம்பின் செயலைத் தடுக்கும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சோ இரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செலவழித்துவிடும். இத்தனை பூட்டுகளுக்கும் ஏற்ற சாவிகள் வேண்டுமல்லவா? அவையே எதிர்ப்பொருள்கள்.

நோய் நஞ்சு ஏற்றிய விலங்கின் ஊநீர் மற்றொரு விலங்கைக் காக்கும் என்று 1890இல் பெரிங்கும் கிட்டசாட்டோவும் மெய்ப்பித்தனர். அவ்வழியே சென்று ஆல்பர்ட் கால்மெட் பாம்பு நஞ்சுக்கும் ஊநீர் கண்டார்.

நம் நாட்டில் இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் தருவதில் பெரும்பங்கு இருளர் மக்களுக்கு உண்டு. 1978இல் தோன்றிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்புகளைச் சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர்.

நான்கு பாம்புகளின் நஞ்சையும் மிகச் சிறிய அளவில் தொடங்கிச் சிறுகச் சிறுகக் கூட்டிக் குதிரைக்குச் செலுத்துவர். குதிரையின் உடலில் பல்வேறு உயிரணுக்கள் தத்தமக்குரிய எதிர்ப்பொருளை உண்டாக்கும். இக்கூட்டத்தையே பாலிகுளோனல் எதிர்ப்பொருள் என்கிறோம். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளைப் பெருக்கும் முறையைக் கண்டனர். எனினும் ஒரு சாவி எல்லாப் பூட்டையும் திறவாது. நஞ்சுக்குக் கூட்டமே ஏற்றது.

எதிர்ப்பொருளும் புரதமே, ஆகவே வெப்பம் அதனைக் கெடுக்கும். நீர்ம மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறைய விடலாகாது. உறைவித்து உலர்த்திய தூளோ குளிர்பெட்டி இன்றியும் தாங்கும். அதனை 10 மி.லி. தூய நீரில் கரைக்கையில் மெல்லச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் சிதையும்.

இரத்தப் புரதங்களை அளக்க ஆய்வுக்கூடத்தில் பயன்படும் முயல், ஆடு ஆகியவற்றின் எதிர்ப்பொருளுக்கும் இத்தகைய கவனம் தேவை. அதனைச் சிறு குப்பிகளில் பங்கிட்டு, உறைநிலைக்குக் கீழ் 20 டிகிரியில் வைப்பர். ஒரே குப்பியைப் பலமுறை உருக்கி உறையவைத்தால் அதன் ஆற்றல் குன்றும்.

கடிபட்டவரின் இரத்தம் 2 மி.லி. எடுத்துப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைப்பர். உறையாவிடில் விரியனின் நஞ்சு ஏறியது என்று மருத்துவர் அறிவார். குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தருமாதலால் அட்ரினலின் ஊசியையும் ஆயத்தமாக வைப்பர். சிறுவர்க்கும் பெரியோர்க்கும் மருந்தளவு ஒன்றே. ஏனெனில் பாம்பு ஆள் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

நண்பர்களே! இம்மருந்து குருதியில் உலவும் நஞ்சைத்தான் பற்றும்; நரம்பில் ஏற்கெனவே நேர்ந்த சேதத்தைத் திருப்பாது. ஆகவே கயிற்றால் இறுக்குவதிலும், கீறி உறிஞ்சுவதிலும், மந்திரிப்பதிலும் காலம் கடத்தலாகாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். கற்ற நாம் இதனை நம் சிற்றூர்களில் சொல்வது கடமையாகும்.