தழும்பு சின்னதா இருந்தா போதுமா? டிஸ்க் ஆபரேஷனின் மூன்று வழிகள்

வீட்டுல யாராவது ஒருத்தருக்கு "முதுகுல ஜவ்வு விலகிடுச்சு"ன்னு டாக்டர் சொன்னா போதும், உடனே ரெண்டு கட்சி உருவாகிடும். "முதுகுல கத்தி வச்சா அப்புறம் எந்திரிக்கவே முடியாது" என்று ஒரு கட்சி. "சின்ன ஓட்டை போட்டு எடுத்துடுவாங்களாம், மறுநாளே நடக்கலாமாம்" என்று விளம்பரத்தைக் காட்டும் இன்னொரு கட்சி. கடைசியில், "படிக்கிற பிள்ளைதானே, நெட்ல பார்த்துச் சொல்லு"ன்னு போன் நம்ம கைக்கு வரும். அப்போ சொல்றதுக்கு நமக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? வாங்க, பார்க்கலாம்.

பழுது முதுகில், வலி காலில்

முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க், நம்ம பாஷையில் ஒரு ஷாக் அப்சார்பர். வெளியே பல அடுக்கு நார் வளையம், உள்ளே நீர்ச்சத்து நிறைந்த கூழ். 1999-ல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் கீழ்முதுகு டிஸ்க்குக்குள்ளேயே சென்சார் வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். சும்மா நிற்கும்போது சுமார் 0.5 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3 மெகாபாஸ்கல். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றே சுமார் 0.2 மெகாபாஸ்கல்தான்!

நார் வளையம் பலவீனமாகிக் கிழிந்தால், உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி வந்து பக்கத்தில் உள்ள நரம்பு வேரை அழுத்தும். அந்த நரம்பு காலுக்குப் போகிறது. அதனால்தான் புட்டத்திலிருந்து பாதம் வரை சுரீர்னு இழுக்கிற வலி. இதைத்தான் சயாட்டிகா என்கிறார்கள். பிதுங்கிய டிஸ்க்தான் இதற்குக் காரணம், அதை ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் எழுதிய கட்டுரை உலகத்துக்குப் புரியவைத்தது.

முதல் கேள்வி: ஆபரேஷன் தேவையா?

பிதுங்கிய பகுதியைப் பல நேரம் உடம்பே மெல்லக் கரைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வலி குறைந்துவிடுகிறது. குறையாதவர்களை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2007-ல் முடிவு வெளியானது. கடுமையான சயாட்டிகா உள்ள 283 பேரில் ஒரு பாதிக்கு சீக்கிரமே ஆபரேஷன். மறு பாதிக்கு மருந்தும் காத்திருப்பும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது, அதுதான் வித்தியாசம்.

ஆனா ஒரு எச்சரிக்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடணும்.

மூன்று வழிகள்

வேலை ஒன்றுதான்: நரம்பை அழுத்தும் துண்டை எடுப்பது. அந்த இடத்துக்கு எப்படிப் போறோம் என்பதில்தான் வித்தியாசம்.

மைக்ரோடிஸ்கெக்டமி: 1970-களில் மைக்ரோஸ்கோப் வந்தபிறகு பரவிய முறை. முதுகின் நடுவில் சில சென்டிமீட்டர் வெட்டி, தசையை எலும்பிலிருந்து விலக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி துண்டை எடுப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கம்.

குழாய் வழி: 1990-களின் இறுதியில் வந்தது. ஒன்றைவிட ஒன்று பெரிய குழாய்களை அடுத்தடுத்து நுழைத்து, தசை நார்களை வெட்டாமல் விலக்கி, இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான பாதை அமைப்பார்கள். அதன் வழியே வேலை நடக்கும்.

எண்டோஸ்கோப்: வெட்டு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து, நரம்பு வெளியேறும் துளை வழியே கேமராவோடு நுழைவார்கள். உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து பண்ண முடியும் என்பதால், நரம்பில் பட்டால் நோயாளியே சொல்லிவிடுவார். ஆனால் வழிகாட்ட எக்ஸ்ரே அதிகம் தேவை. கடைசி டிஸ்க்கில் இடுப்பெலும்பு பக்கவாட்டு வழியை மறிக்கலாம், அப்போ பின்பக்கமாக நுழையணும்.

அப்போ எது பெஸ்ட்?

வெட்டு சின்னதானா வலியும் குறையும்னுதானே தோணும்? நெதர்லாந்தில் 328 பேரிடம் குழாய் முறையையும் மைக்ரோடிஸ்கெக்டமியையும் ஒப்பிட்டு, 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். அன்றாட வேலைத் திறனில் பெரிய வித்தியாசமில்லை. வலியில் குழாய் முறை கொஞ்சம் பின்தங்கியே இருந்தது!

எண்டோஸ்கோப்புக்கும் அதே நாட்டில் 613 பேரிடம் சோதனை நடந்து, 2022-ல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்துக் கால் வலியில், எண்டோஸ்கோப் முறை மைக்ரோடிஸ்கெக்டமியை விட மோசமில்லை என்று உறுதியானது. ரத்த இழப்பும் மருத்துவமனையில் தங்கும் நேரமும் குறைவு. ஆனா இங்கே ஒரு நுணுக்கம் கவனிங்க. இந்த முறையைப் புதிதாகக் கற்றுக்கொண்ட மருத்துவர்கள் முதலில் செய்த 125 பேரை முக்கியக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்தார்கள். ஏன்னா, கை பழகும்வரை வரும் முடிவு அந்த முறையின் தரத்தைச் சொல்லாது. அதாவது கருவி எவ்வளவு நல்லதா இருந்தாலும், அதைப் பிடிக்கும் கைக்கு அனுபவம் வேணும்.

இன்னொன்று, எந்த முறையிலும் டிஸ்க் முழுசா எடுக்கப்படுவதில்லை. மிச்சமிருப்பது மறுபடி பிதுங்க வாய்ப்பு உண்டு. "நிரந்தரத் தீர்வு, நூறு சதவீதம் கேரண்டி" என்று யாராவது சொன்னா உஷாரா இருங்க.

அதனால, அடுத்த முறை போன் உங்க கைக்கு வந்தா, தழும்பு எத்தனை சென்டிமீட்டர் என்று தேடாதீங்க. டாக்டரிடம் கேட்க நாலு கேள்வி எழுதிக் கொடுங்க: எம்.ஆர்.ஐ.யில் தெரிவதும் காலில் வலிக்கும் இடமும் ஒத்துப்போகுதா? இன்னும் சில வாரம் காத்திருந்தா ஆபத்து உண்டா? இந்த இடத்துப் பிதுக்கத்துக்கு எந்த வழி பொருந்தும், ஏன்? அந்த முறையில் நீங்க இதுவரை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?

கடைசிக் கேள்வியைக் கேட்க வீட்டுப் பெரியவங்க தயங்குவாங்க. கூடப் போய் நீங்க கேளுங்க.