மன்னார்க் கரைக்கு வரும் விருந்தினர்

மாரி தொடங்கி வாடைக்காற்று வீசும் மாதங்களில் மன்னார்த் தாம்போதியால் செல்பவர்கள், வீதியின் இரு மருங்கிலும் நீர்ப்பறவைகள் கூட்டங்கூட்டமாய் மேய்வதைக் காணலாம். பூநாரைகள், கூழைக்கடாக்கள், வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் ஊசிவால் வாத்துக்கள் எனப் பல இனங்கள். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளுக்கு இலங்கையின் தலைவாசல் மன்னார் எனலாம். 2008ஆம் ஆண்டு வங்காலைப் பகுதி சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் அதன் 4,839 ஹெக்டயர் ராம்சார் சாசனத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக ஏற்கப்பட்டது. நாம் அன்றாடம் கடந்து போகும் இந்தச் சேற்று நிலத்தைப் பார்ப்பதற்கென்றே தூரதேசங்களிலிருந்து மக்கள் வருகிறார்கள்.

பறவைகள் மட்டுமல்ல. 1560இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, பின்னர் ஒல்லாந்தர் திருத்தியமைத்த கோட்டை இருக்கிறது. பள்ளிமுனையில் பெருக்கமரம், திருக்கேதீஸ்வரம், வேதசாட்சிகளின் நினைவைத் தாங்கி நிற்கும் தோட்டவெளி, பெருநிலப்பரப்பில் மருதமடு அன்னையின் திருத்தலம் ஆகியனவும் உள்ளன. தலைமன்னாருக்கு அப்பால் கடலில் நீண்டு கிடக்கும் மணல் திட்டுகள் 2015 முதல் தேசிய கடற்பூங்காவின் பகுதியாகும். மன்னார் வீதிகளில் திரியும் கழுதைகள் எமக்குத் தொந்தரவு. வெளியூரார் அவற்றையும் நின்று படம் பிடிக்கின்றனர்.

அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அயலவர் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக அது எழுப்பப்பட்டது. இன்று கடல் அதனைச் சிறிது சிறிதாகத் தின்று வருகிறது. அந்த முத்துக் கதையின் கடைசிப் பகுதி பலருக்குத் தெரியாது. 1905ஆம் ஆண்டின் குளிப்பு வரலாறு காணாத விளைச்சலைத் தந்தது. மறு ஆண்டே முத்துப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பெனி ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டன. ஓரிரு ஆண்டுகளில் பார்கள் வெறுமையாயின. கம்பெனியும் போய்விட்டது. கரையில் எஞ்சியது சிப்பி ஓடுதான்.

இப்போது வருவது வேறொரு விளைச்சல். 2009இல் யுத்தம் முடிந்தது. 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. அன்றுதொட்டுப் பயணிகளின் வரவு கூடியிருக்கிறது. ஆனால் பெரும்பாலான வான்கள் காலையில் வந்து, கோட்டையையும் மரத்தையும் கடலையும் காட்டிவிட்டு, மாலையில் அநுராதபுரம் திரும்பிவிடுகின்றன. சோற்றுப் பொதியும் தண்ணீர்ப் போத்தலும் அவர்களுடனேயே வருகின்றன. பொதி சுற்றிய பொலித்தீன் மட்டும் எம்மிடம் தங்குகிறது. விருந்தினர் ஓரிரவு தங்கினால்தான் படுக்கைக்கும் உணவுக்கும் வழிகாட்டிக்கும் கொடுக்கும் பணம் ஊருக்குள் இறங்கும். பறவை பார்ப்பவர் எப்படியும் தங்கவே வேண்டும். விடியலில்தான் பறவைகள் நன்றாகத் தெரியும்.

தங்குவது என்றதும் விடுதி கட்டும் பேச்சு எழும். விடுதி எங்கே கட்டப்படும்? கடல் தெரியும் கரையில். இங்குதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டியுள்ளது.

கரைவலைத் தொழில் எப்படி நடக்கிறது என்பது கரையோர மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காணித் திட்டம் வரைபவர்களுக்குத்தான் தெரிவதில்லை. வலையைக் கடலில் வளைத்து, இரு கயிறுகளையும் கரையில் நின்று இழுப்பதற்கு நீண்ட வெளி வேண்டும். அந்த வெளிதான் பாடு. எந்தப் பாட்டில் யார், எந்த முறையில் வலை போடுவது என்பதைத் தலைமுறை வழக்கம் தீர்மானிக்கிறது. தாழ்வுபாடு என்ற ஊரின் பெயரிலேயே அந்தச் சொல் ஒலிக்கிறது. பாட்டுக்குப் பின்னால் வாடி, கருவாடு காயவைக்கும் மணல், வள்ளம் ஏற்றும் இடம், வலை பொத்தும் நிழல். இவை எதற்கும் பெரும்பாலும் உறுதி இல்லை. நில அளவைப் படத்தில் அவ்விடம் வெறும் அரச காணி. கச்சான் காலத்தில் தொழிலாளர் வேறு கரைக்குப் போயிருந்தால், நேரில் வந்து பார்ப்பவருக்கும் அது வெறுமையாகவே தோன்றும்.

பாசிக்குடாவில் யுத்தத்தின்பின் விடுதிகள் வரிசையாய் எழுந்தபோது, மீனவர்கள் தமது படகு நிறுத்தும் இடத்தைச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது. கற்பிட்டியில் 14 தீவுகளை உள்ளடக்கிய உல்லாசப் பயணத் திட்டம் அறிவிக்கப்பட்டபின், கடலுக்குச் செல்லும் பாதைகள் பற்றிய பிணக்குகள் எழுந்தன. அவ்வூர்களில் சிலருக்கு வேலை கிடைத்தது உண்மையே. ஆனால் கரையை இழந்த குடும்பமும் வேலை பெற்ற குடும்பமும் எப்போதும் ஒன்றல்ல.

சட்டம் எமக்கு முற்றிலும் எதிரானதன்று. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையான பகுதி கரையோர வலயமாகும். அங்கு அபிவிருத்தி வேலை செய்பவர் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் முகாமைத்துவக் குழுக்களுக்கு இடமளிக்கிறது. ஆனால் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுத்தில் இல்லாவிட்டால், ஆட்சேபிக்கும்போது எதைக் காட்டுவது? ஆகவே ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் தனது கரையின் படத்தைத் தானே வரைவது முதல் வேலை என்று நாம் கருதுகிறோம். முதியவர்களையும் சம்மாட்டிமாரையும் கூட்டி நடந்தால் ஒரு நாளில் முடியும். பெண்களையும் அழைக்க வேண்டும். கருவாட்டு மணலின் எல்லை அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

கிணற்றையும் அந்தப் படத்தில் குறிக்க வேண்டும். மன்னார்த் தீவின் மணலுக்கடியில் மழைநீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. துலாவாலும் வாளியாலும் அள்ளும்வரை அது தாங்கும். நீச்சல் தடாகத்துக்கும் குளியலறைகளுக்கும் இயந்திரம் வைத்து இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். உப்பேறிய கிணறு மீண்டும் நன்னீராக எத்தனை மழைக்காலம் வேண்டுமோ!

பெரிய விடுதி இல்லாமலே விருந்தினரைத் தங்கவைக்கலாம். வீட்டில் ஓர் அறையும் சுத்தமான மலசலகூடமும் நுளம்புவலையும் இருந்தால், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் விருந்தினர் வீடாகப் பதிவுசெய்யக் கோரலாம். மாதர் சங்கம் ஒன்றாகச் சமைத்தால், ஒடியற்கூழும் நண்டுக் கறியும் எந்த விடுதியிலும் கிடைக்காத உணவு. வீடுகள் முறைவைத்து விருந்தினரை ஏற்பது நல்லது. முறையின்றேல், வீதியோரத்து வீட்டுக்கே எல்லாரும் போவர். ஒழுங்கைக்குள் இருக்கும் விதவையின் வீடு தெரியாமலே போகும்.

இளைஞர்கள் பறவைகளின் பெயரை மூன்று மொழிகளிலும் கற்றால் வழிகாட்டியாகலாம். பறவைகளுக்கு மிக அருகில் போகாமல் விருந்தினரைத் தடுப்பதும் வழிகாட்டியின் வேலையே. மணல் திட்டுகளுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிப் படகில் ஆட்களை ஏற்றிச் செல்லக் கூடாது. அங்கே ஆலாக்கள் வெறும் மணலிலேயே முட்டையிடுகின்றன. மணலுக்கும் முட்டைக்கும் நிறம் ஒன்று, மிதித்த பின்தான் தெரியும். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். பல்லாண்டு கடலில் ஓடிய படகோட்டிக்கு அது தேவையற்றதாகத் தோன்றலாம். முதன்முறை கடல் காணும் மலையகத்துப் பிள்ளைக்கு அப்படியல்ல.

படத்தை வரைந்த சங்கங்கள் ஒரு பிரதியைப் பிரதேச செயலாளரிடமும் மற்றொன்றைக் கரையோரம் பேணல் திணைக்கள அலுவலகத்திலும் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூலப்படம் சங்கக் கட்டடத்தின் சுவரில் தொங்கட்டும். கச்சான் தொடங்கித் தொழிலாளர் வேறு கரைக்குப் புறப்படுமுன் இது முடிந்துவிட வேண்டும்.