துயர் கேட்போருக்கும் துணை வேண்டும்

நிலநடுக்கம், வெள்ளம், வன்முறை, நெருங்கியோரின் திடீர் மரணம் ஆகியவற்றால் உள்ளம் நொந்தவர்களுக்கு ஆறுதலும் சிகிச்சையும் அளிப்பது மனநலப் பணியாளரின் கடமை. அத்துயரங்களை நாள்தோறும் கேட்கும் அவருடைய உள்ளம் என்னவாகிறது என்னும் வினா நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. பிறர் அடைந்த அதிர்ச்சி, அதைக் கேட்டுச் சிகிச்சை அளிப்பவரையும் பாதிக்கும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர்களான மெக்கானும் பேர்ல்மனும் 1990-ல் விளக்கினர். உறக்கம் கெடுதல், எளிதில் சினம் கொள்ளுதல், நோயாளியின் துயரைக் கேட்டும் மனம் மரத்துப் போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இது பணியாளரின் திறமைக் குறைவன்று. பணியோடு பிறக்கும் இடர்.

நமது நாட்டில்

1982-ல் தேசிய மனநலத் திட்டமும், 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. 2022 அக்டோபர் 10 அன்று டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. 14416 என்னும் எண்ணில் அழைப்போரில் வாழ்வையே வெறுத்தவர்களும் உண்டு. சேவை விரிவடையுந்தோறும் அதைத் தாங்கும் பணியாளரைப் பேணும் பொறுப்பும் பெருகுகின்றது.

மேற்பார்வையின் புதிய பொருள்

மேற்பார்வை என்றால் பதிவேடுகளைச் சரிபார்ப்பதும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கேட்பதும் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இவை தேவையே; ஆயினும் போதா. அதிர்ச்சியுற்றோரைப் பேணுவதற்கென அமெரிக்க அரசின் மனநலப் பணி நிர்வாகம் 2014-ல் ஆறு கோட்பாடுகளை வகுத்தது. அவை பாதுகாப்பு, நம்பகத்தன்மை, ஒத்தோர் ஆதரவு, கூட்டுறவு, தன்னாற்றலை வளர்த்தல், பண்பாடு, வரலாறு, பாலினம் ஆகியவற்றை உணர்ந்து நடத்தல் என்பனவாம். நோயாளிக்குரிய இக்கோட்பாடுகளைப் பணியாளரிடமும் கடைப்பிடிப்பதே அதிர்ச்சியை உணர்ந்த மேற்பார்வை.

நடைமுறையில் இதற்குச் சில வழிகள் உள்ளன. மேற்பார்வைக்கெனத் தனி நேரமும் தனி இடமும் குறிக்கப்பட வேண்டும். அங்கே பேசப்படுவது எதுவரை மறைவாகக் காக்கப்படும் என்பதை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். நோயாளிக்கு என்ன செய்யப்பட்டது என்று கேட்பதோடு, அது பணியாளரை எவ்வாறு பாதித்தது என்றும் கேட்க வேண்டும். விடை கூறுமாறு வற்புறுத்தலாகாது. கடுமையான நிகழ்வுகள் ஒருவர் மீதே குவியாமல் பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். சிகிச்சையிலிருந்த ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், விளக்கம் கோரும் குறிப்பாணைக்கு முன்பு ஆதரவுச் சொல் பணியாளரைச் சென்றடைய வேண்டும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. மேற்பார்வையாளர் பணியாளரின் மருத்துவர் அல்லர். சிகிச்சை தேவைப்படின் வேறொரு வல்லுநரிடம் அனுப்புவதே முறை. பணித்தரத்தைப் பற்றிய பொறுப்பும் இதனால் குறைந்துவிடாது.

பயன் யாருக்கு?

மனம் மரத்த பணியாளர் படிவத்தில் உள்ள வினாக்களை மட்டுமே கேட்பார். பெருந்தயக்கத்திற்குப் பின் வாய் திறந்த ஒரு பெண், தன் சொல் செவிமடுக்கப்படவில்லை என உணர்ந்தால் மீண்டும் வராமலே போகலாம். ஆகவே, பணியாளருக்கென ஒதுக்கப்படும் அந்த நேரம் சலுகையன்று. நோயாளிக்கு அளிக்கும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.