கோலுக்கு முன்னால் 18 ஆண்டுகள்

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 5. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஜெர்மனியைவிட இந்தியா 5-4 என முன்னால் நிற்கிறது. ஆட்டம் முடிய ஏழு விநாடிகூட இல்லாத நேரத்தில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர். பாய்ந்து வந்த பந்தை பி.ஆர்.ஸ்ரீஜேஷ் தடுத்துவிட, 1980 மாஸ்கோ தங்கத்துக்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது.

அந்த ஒரு தடுப்புக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஹாக்கி கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். பெனால்டி கார்னரில் மட்டையால் இழுத்து வீசப்படும் (டிராக் ஃபிளிக்) பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அது கிளம்பிய பிறகு யோசிக்க அவகாசமில்லை. அடிப்பவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, கால் எங்கே ஊன்றுகிறது என்பதைப் பார்த்தே கோல்கீப்பர் அசைய வேண்டும். முன்னால் நிற்கும் தடுப்பாளர்களைச் சத்தம் போட்டு நகர்த்துவதும் அவர் வேலைதான். இதெல்லாம் ஆடி ஆடித்தான் கைவரும். நல்ல கோல்கீப்பர்கள் பலர் முப்பதைத் தொட்ட பிறகு உச்சத்துக்கு வருவது இதனால்தான்.

ஸ்ரீஜேஷ் 1988இல் எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்றுதான் முயன்றார். கோலுக்கு முன் நிற்கச் சொன்னவர் பயிற்சியாளர். கோல்கீப்பரின் கால் பேட், ஹெல்மெட், மார்புக் கவசம் எல்லாம் விலை அதிகம். அவற்றை வாங்க அப்பா வீட்டுப் பசுவை விற்றார் என்பதை ஸ்ரீஜேஷே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கால்பந்தில் ஊறிய கேரளத்திலிருந்து அவருக்கு முன் ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர் ஒருவர்தான்: 1972 மியூனிக் அணியின் கோல்கீப்பர், கண்ணூர்க்காரர் மானுவல் ஃபிரெடரிக்.

2006 கொழும்பு தெற்காசிய விளையாட்டில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம். அதன் பின் சில ஆண்டுகள் ஏட்ரியன் டிசூசா, பரத் செத்ரி போன்ற மூத்தவர்களுக்குப் பின்னால் காத்திருந்தார். களத்தில் கோலுக்கு ஓர் இடம்தான். மற்றவர்களைப் போல அரை மணி நேரம் மாற்று ஆட்டக்காரராக இறங்கித் திறமை காட்ட வழியில்லை. இந்தக் காத்திருப்பில் மனம் உடைந்து ஒதுங்கியவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் வராது.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியாட்டம் அவரை நாடறியச் செய்தது. பாகிஸ்தானுடன் 1-1. ஷூட் அவுட்டில் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருபவருக்கு எட்டு விநாடி. எதிரே கோல்கீப்பர் தனியாள். ஸ்ரீஜேஷ் இரண்டைத் தடுத்தார். 16 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசியத் தங்கம். ஆனால் 2017இல் முழங்கால் தசைநார் கிழிந்து பல மாதங்கள் களத்துக்கு வெளியே இருக்க நேர்ந்தது. உட்கார்ந்து எழுந்து பாய்வதே வேலையாக உள்ளவருக்கு முழங்கால் காயம் எத்தனை பெரிய அடி!

மீண்டு வந்தவர் பாரிஸ் 2024 வரை நின்றார். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, இந்தியா 40 நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேருடன் ஆடியது. அலையலையாக வந்த தாக்குதல்களை 36 வயதில் ஸ்ரீஜேஷ் தடுத்த விதம்தான், டோக்கியோவின் கடைசி விநாடியைவிட, அவருடைய ஆகச் சிறந்த ஆட்டம். ஆட்டம் சமனில் முடிய, ஷூட் அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது. ஸ்பெயினை வீழ்த்தி வெண்கலம் வென்ற கையோடு, 336 சர்வதேச ஆட்டங்களுடன் ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 16ஆம் எண்ணை சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என ஹாக்கி இந்தியா அறிவித்தது.

ஓய்வுக்குப் பின் ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். அவருக்கு 300ஆவது சர்வதேச ஆட்டம் அமைந்த சென்னையிலேயே, 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியில் பெல்ஜியத்தை இந்தியா ஷூட் அவுட்டில் வென்றது. அன்று கோலைக் காத்தவர் அவரிடம் பயிற்சி பெற்ற பிரின்ஸ்தீப் சிங்.